சொல்லாததைக் கேட்குமுன் சொன்னதைச் செய்வோம்

"சாமி, கடவுளுடைய சித்தம் என்னவென்று தெரியவில்லை, செபித்துச் சொல்லுங்கள்." இவ்வேண்டுகோளைக் கேளாத பங்குக்குரு இலர். நாம் குருப்பட்டம் பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கடற்கரைப் பங்கிலும் பணியாற்றினோம். தோட்டந்துரவு நிறைந்த சிற்றூர்ப் பங்கிலும் பணியாற்றினோம். எங்கும் இவ்வேண்டுகோள் மாறவில்லை. மகளுக்கு வந்த வரனை ஏற்பதா, மகனை வளைகுடா நாட்டுக்கு அனுப்புவதா, மனையை விற்பதா, மருத்துவர் சொல்லும் அறுவைச் சிகிச்சைக்கு உடன்படுவதா என்று மக்கள் பங்கு இல்லத்தின் படியேறி வந்து கேட்கின்றனர். இவ்வாறு கேட்போரை நாம் பெரிதும் மதிக்கிறோம். தம் வாழ்வைத் தம் அறிவொன்றைக் கொண்டே நடத்திவிட முடியாது என்னும் தாழ்ச்சி அவர்களிடம் இருக்கிறது. இறைவனைக் கலந்துகொள்ளாமல் எதுவும் செய்யலாகாது என்னும் விசுவாசமும் இருக்கிறது.

ஆயினும், அன்பார்ந்த வாசகர்களே, இருவேறு கேள்விகள் ஒரே ஆடையணிந்து நம்மிடம் வருவதுண்டு. இறைவன் இன்னும் வெளிப்படுத்தாத ஒன்றை அறிய விரும்பிக் கேட்பது ஒரு வகை. அவர் முன்னரே தெளிவாய்க் கற்பித்துவிட்ட ஒன்றை மீண்டும் ஒருமுறை கேட்பது மற்றொரு வகை. முதலாவது செபம். இரண்டாவது பெரும்பாலும் காலங்கடத்துதல். கேட்பவருக்கே இவ்வேறுபாடு தெரியாமற் போவதுதான் இதிலுள்ள பேராபத்து. முழந்தாளிட்டுக் கண்ணீரோடு கேட்கிறார். ஆகவே தாம் கீழ்ப்படியாமல் இருக்கிறார் என்பது அவருக்கே விளங்குவதில்லை.

பன்னிரண்டு சவரனும் இரண்டு சீட்டுகளும்

நம் பங்கில் நடந்த ஒன்றைச் சொல்வோம். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. பங்கு இல்லத் திண்ணையில் பலர் அறியப் பேசப்பட்டது. சம்பந்தப்பட்டவரின் இசைவு பெற்றே, பெயரும் ஊரும் குறிப்பிடாமல் எழுதுகிறோம்.

ஐம்பது வயது கடந்த குடியானவர் ஒருவர். ஞாயிறு தவறாமல் பூசை காண்பவர். இல்லத்தில் செபமாலை தவறாதவர். அவருடைய தங்கை இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். அண்ணன் ஆழ்துளைக் கிணறு போட வழியின்றித் தவித்தபோது, அத்தங்கை தம்மிடம் இருந்த 12 சவரன் நகையைக் கழற்றிக் கொடுத்தார். நகை வங்கியில் அடகு போயிற்று. கிணற்றில் நீர் சுரந்தது, தென்னை காய்த்தது. ஆனால் நகை மட்டும் திரும்பவில்லை. ஆண்டுதோறும் வட்டியைக் கட்டி, அடகை மறுபடியும் புதுப்பித்து வந்தார். இப்படியே ஆண்டுகள் பல ஓடின. தங்கையின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. "அண்ணே, பிள்ளை வெறுங்கழுத்தோடு போகக்கூடாது" என்று தங்கை ஒரே ஒருமுறை வந்து கேட்டுச் சென்றார்.

நகையை மீட்கப் பணம் வேண்டும். வாய்க்கால் ஓரத்து நிலத்தில் 30 சென்ட் விற்றால் மீட்டுவிடலாம். விற்பது இறைசித்தமா என்று அறிய விரும்பினார். இரு சீட்டுகளில் 'விற்கலாம்' என்றும் 'விற்க வேண்டாம்' என்றும் எழுதி, மாதா சுரூபத்தின் முன் வைத்து, குடும்ப செபம் முடிந்தபின் பேரக் குழந்தையை எடுக்கச் சொன்னார். 'விற்க வேண்டாம்' என்று வந்தது. மறுநாட் காலையிலேயே நம்மிடம் வந்தார்.

"சாமி, மாதாவே வழி காட்டிட்டாங்க. நெலத்த விக்க வேண்டாம்னு வந்திருக்கு. அதுக்கு நன்றியா இந்த வருசம் தேருக்கு வர்ணம் பூசுற செலவு முழுக்க நான் ஏத்துக்கறேன்."

நாம் அவரை அமரச் செய்து, "சீட்டில் 'விற்கலாம்' என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று வினவினோம்.

அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, மறைக்கத் தெரியாத நல்ல மனத்தோடு, "இன்னொரு தடவ எடுக்கச் சொல்லியிருப்பேன் சாமி" என்றார்.

அவர் மாதாவிடம் கேட்டது வழியன்று, ஒப்புதல். பிறருடைய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்னும் கேள்விக்கு இறைவன் சீனாய் மலையிலேயே விடை கூறிவிட்டார். கைம்பெண்ணின் உரிமையைப் பறிப்போரைப் பற்றி இறைவாக்கினர்கள் மீண்டும் மீண்டும் முழங்கியுள்ளனர். ஏழாம் கட்டளையை ஒரு குழந்தையின் கையில் சீட்டாகக் கொடுத்து, அது வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் அதிகாரம் நம்மில் எவர்க்கும் இல்லை.

நம் ஆண்டவர் காலத்திலும் இத்தகையோர் இருந்தனர். பெற்றோருக்கு உதவக் கடமைப்பட்ட பொருளைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குரிய காணிக்கை, என்று கூறிவிட்டுப் பெற்றோரைக் கைவிடுவதை அன்றைய மரபு அனுமதித்தது. மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இதனை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதை வாசித்துப் பாருங்கள். கோயிலுக்குக் கொடுக்கும் காணிக்கையே கட்டளைக்குக் குறுக்கே நிற்கும் சுவராகலாம் என்பது நமக்கெல்லாம் எச்சரிக்கை. எனவே, தேருக்கு அவர் அளிக்க முன்வந்த பணத்தை அவ்வாண்டு ஏற்க இயலாது என்று அவரிடம் கூறினோம். திருவிழா நெருங்கியிருந்தது. பங்குப் பேரவையினர் சிலருக்கு இது பிடிக்கவில்லை.

பழைய கதை ஒன்று

இது புதிய நோயன்று. கி.மு. 587-இல் எருசலேம் பாபிலோனியர் கையில் வீழ்ந்தது. நாட்டில் எஞ்சியோரை ஆள அமர்த்தப்பட்ட கெதலியா சில காலத்துக்குள் கொலையுண்டார். பாபிலோனியர் பழி தீர்க்க வருவர் என்னும் அச்சத்தால், எஞ்சிய மக்கள் யோகனான் என்பவரின் தலைமையில் எகிப்துக்குச் செல்லும் எண்ணத்தோடு புறப்பட்டுப் பெத்லகேம் அருகே தங்கினர். அங்கேதான் அவர்களுக்குச் செப நினைவு வந்தது. எரேமியாவிடம் சென்று, எங்களுக்காக ஆண்டவரிடம் கேளும். அவர் கூறுவது இனிப்பாயினும் கசப்பாயினும் கீழ்ப்படிவோம் என்று உறுதியளித்தனர்.

பத்து நாள் சென்றபின் இறைவாக்கு வந்தது. இந்நாட்டிலேயே தங்குங்கள், அஞ்ச வேண்டாம், எகிப்துக்குப் போகாதீர்கள் என்பதே அதன் பொருள். பாபிலோனுக்குப் பணிந்து நாட்டிலேயே வாழுங்கள் என்று எரேமியா ஆண்டுக்கணக்காய் உரைத்து வந்ததும் இதுவே. அம்மக்கள் செய்தது என்ன? நீர் பொய் சொல்கிறீர் என்று இறைவாக்கினரையே குற்றஞ்சாட்டினர், எகிப்துக்குச் சென்றனர், எரேமியாவையும் உடன் கொண்டு சென்றனர். எரேமியா ஆகமத்தின் 42, 43 அதிகாரங்களில் இவ்வரலாறு உள்ளது. மூட்டை கட்டிய பின்னர் வழி கேட்டவர்கள் அவர்கள். உறங்குபவனை எழுப்பலாம், உறங்குவதுபோல் பாசாங்கு செய்பவனை எழுப்ப முடியாது என்று நம் பெரியோர் சொல்வதன் பொருளை இங்கே காண்கிறோம்.

கழுதை காட்டிய வழி

புனிதர்களும் இதைப் படிப்படியாகவே கற்றனர். லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார், தம் இறுதி ஆண்டுகளில் எடுத்துரைத்த வாழ்க்கை வரலாற்றில் இளமை நிகழ்ச்சி ஒன்றை மறைக்காமல் கூறியுள்ளார். மனமாற்றம் பெற்ற புதிதில், 1522-ஆம் ஆண்டு, அவர் மொந்செராத் திருத்தலத்தை நோக்கிக் கோவேறு கழுதை மேல் சென்றுகொண்டிருந்தார். வழியில் மூர் இனத்தவர் ஒருவர் உடன் பயணமானார். தேவதாயின் கன்னிமையைப் பற்றி இருவருக்கும் விவாதம் எழுந்தது. அம்மனிதர் விரைந்து முன்னே சென்றுவிட்டார். மாதாவின் மாண்பைக் காக்க அவரைத் தேடிச்சென்று குத்திவிட வேண்டுமோ, விட்டுவிட வேண்டுமோ என்று இஞ்ஞாசியார் தடுமாறினார். முடிவு காண இயலாமல், பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். கழுதை அம்மனிதர் சென்ற ஊர்ப்பாதையில் போனால் குத்துவது, பெருவழியில் போனால் விடுவது என்பது அவர் தீர்மானம். ஊர்ப்பாதை அகலமாயும் நன்றாயும் இருந்தபோதிலும் கழுதை பெருவழியில் நடந்தது.

கொலை செய்யாதிருக்கும் கட்டளை அவருக்குத் தெரியாததா? குழந்தைப் பருவத்திலேயே மனப்பாடம் செய்த ஒன்றையே கழுதையிடம் ஒப்படைத்தார். இறைவனின் இரக்கம் அன்று அவரைக் காத்தது.

அதே ஆண்டில் மன்ரேசாவில் தங்கி அவர் குறித்து வைக்கத் தொடங்கிய அனுபவங்களே 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்னும் நூலாக வளர்ந்தன. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் அதற்கு ஒப்புதல் அளித்தார். வாழ்வில் முடிவெடுப்பது எவ்வாறு என்று கற்பிக்கும் அந்நூலில், அவர் தொடக்கத்திலேயே ஒரு வரப்பு இடுகிறார். நாம் தேர்ந்துகொள்ளும் பொருள் தன்னிலே நல்லதாகவோ, நன்மை தீமை இரண்டுக்கும் பொதுவானதாகவோ இருத்தல் வேண்டும். தீமையானது தேர்தலுக்கு உரியதே அன்று. முறையாக ஏற்ற திருமணத்தைப் போன்ற மாற்றவியலாத முடிவும் மறு தேர்தலுக்கு உரியதன்று. அதில் நன்றாய் வாழ முயல்வதே கடமை. கழுதையிடம் வழி கேட்டவர், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்று திருச்சபைக்கே கற்பிக்கும் ஆசானாய் உயர்ந்தார்.

நூலைத் திறந்து குறி பார்த்தல்

"புனித அகுஸ்தினார் விவிலியத்தைத் திறந்து பார்த்துத்தானே மனந்திரும்பினார்?" என்று சிலர் கேட்கின்றனர். உண்மையே. 386-ஆம் ஆண்டு மிலான் நகரின் தோட்டமொன்றில், எடுத்து வாசிக்குமாறு கூறும் குழந்தைக் குரல் ஒன்றைக் கேட்டு, புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தைத் திறந்தார். ஆனால் அவர் கண்ட பகுதி எது? களியாட்டத்தையும் காமத்தையும் விட்டொழித்துக் கிறிஸ்துவை அணிந்துகொள்ளப் பணிக்கும் 13-ஆம் அதிகாரப் பகுதி. அது அவருக்குப் புதிய செய்தியன்று. கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம் என்று தாம் இளமையில் வேண்டிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஆண்டுக்கணக்காய் அறிந்திருந்தும் ஒத்திப்போட்ட கட்டளையே அன்று அவர் முன் நின்றது. அவர் வருங்காலத்தை அறியவில்லை, நிகழ்காலத்தில் கீழ்ப்படிந்தார்.

அதே அகுஸ்தினார் ஆயரான பின்னர், நற்செய்தி ஏடுகளைத் திறந்து உலகக் காரியங்களுக்குக் குறி பார்க்கும் வழக்கம் தமக்கு உவப்பன்று என்று, சனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய மடலில் தெளிவாய்க் குறிப்பிட்டார். 506-ஆம் ஆண்டு தென் பிரான்சிலுள்ள ஆக்தே நகரில் கூடிய ஆயர் சங்கம், சமயப் போர்வையில் எழுத்துகளைப் பார்த்து வருங்காலம் உரைப்போரைத் திருச்சபையினின்று விலக்கியது.

இக்காலத்தில் புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் வசனச் சீட்டு எடுக்கும் வழக்கம் நம் கோயில்கள் பலவற்றில் பரவியுள்ளது. இறைவார்த்தை ஒன்றை ஆண்டு முழுதும் உள்ளத்தில் ஏந்துவது நன்றே. அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும், அத்தட்டில் இருப்பவை பெரும்பாலும் ஆசியும் வெற்றியும் பெருக்கமும் பற்றிய சீட்டுகளே. காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டுச் சகோதரனோடு ஒப்புரவாகச் செல்லுமாறு ஆண்டவர் பணிக்கும் பகுதி எவருடைய கையிலும் வந்ததாக நாம் இதுவரை கேள்விப்படவில்லை. 1965-ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கோட்பாட்டு விளக்கம், இறைமக்கள் எல்லாரும் விவிலியத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. அதன் பொருளை விவிலியம் முழுவதன் ஒருமையில் வைத்துக் காணுமாறும் கற்பிக்கிறது. சீட்டில் வந்த ஒரு வரி ஆறுதல் தரும். தொடர்ந்து வாசிக்கும் முழு நூலோ ஆறுதலும் தரும், கண்டிக்கவும் செய்யும்.

இங்கே மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. சொன்னதைச் செய்வோம் என்றதும், ஒரு வரியைப் பிடுங்கிப் பிறர் தலைமேல் எறிவோரும் உண்டு. மனைவியை அடித்துவிட்டு, மனைவியர் பணிந்திருக்க வேண்டும் என்று விவிலியம் சொல்கிறதே என வாதிட்ட கணவர் ஒருவரைச் சந்தித்திருக்கிறோம். எபேசியர் திருமுகத்தின் அதே அதிகாரம், திருச்சபைக்காகத் தம்மையே கையளித்த கிறிஸ்துவைப் போன்று கணவன் மனைவியை அன்புசெய்யக் கட்டளையிடுகிறது. தனக்கென எழுதப்பட்ட வரிகளை விட்டுவிட்டு, மனைவிக்கென எழுதப்பட்ட வரியை மட்டும் வாசிப்பவர் கீழ்ப்படிபவர் அல்லர். விவிலியத்தின் கட்டளை முதலில் வாசிப்பவருக்கே உரியது.

அவ்வாறாயின் வழி கேட்கலாகாதா?

கேட்க வேண்டும், அவசியம் கேட்க வேண்டும். எந்தப் பெண்ணை மணப்பது, துறவறத்துக்குச் செல்வதா, எத்தொழில் செய்வது என்று விவிலியம் பெயர் குறித்துச் சொல்வதில்லை. இவற்றில் இறைவன் நம்மைக் குழந்தைகளாக அல்ல, முதிர்ந்த மக்களாக நடத்துகிறார். அப்போஸ்தலர் பணி நூலைக் கவனியுங்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாஸ் சீட்டு முறையால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அது தூய ஆவி இறங்குமுன் நடந்தது. பெந்தெகோஸ்து நாளுக்குப் பின்னர் அந்நூலில் சீட்டுப் போட்டதாக எங்கும் காணோம். புறவினத்தாரைப் பற்றிய பெரும் சிக்கல் எழுந்தபோது, அப்போஸ்தலர்களும் மூப்பர்களும் எருசலேமில் கூடினர், நெடுநேரம் வாதித்தனர், பேதுருவும் பர்னபாவும் சின்னப்பரும் கூறியவற்றைக் கேட்டனர், யாகப்பர் மறைநூலை எடுத்துக்காட்டினார். தூய ஆவியும் நாங்களும் இவ்வாறு தீர்மானித்தோம் என்னும் பொருள்பட அவர்களால் எழுத முடிந்தது. செபம், மறைநூல், அறிவு, பிறர் ஆலோசனை, பொறுமை ஆகியவையே ஆவியானவர் வழிகாட்டும் சாதாரண வழிகள்.

ஆதலின், முக்கியமான முடிவெடுக்கும் குடும்பங்களுக்கு நாம் கூறுவது இதுவே. முதலில், இக்காரியத்தில் இறைவன் ஏற்கெனவே சொல்லிவிட்டது ஏதேனும் உண்டா என்று பாருங்கள். உண்டெனில் அதை வேலியாக நிறுத்துங்கள். மகன் வளைகுடா செல்வது திறந்த கேள்வி. ஆனால் அவன் மனைவி மக்களையும் வயது முதிர்ந்த தாயையும் ஆதரவின்றி விட்டுச் செல்வது திறந்த கேள்வியன்று. வேலி நின்றபின், உள்ளே இருக்கும் வழிகளைச் செபத்தோடு ஆராயுங்கள். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் நம்மிடம் வந்தால் என்ன ஆலோசனை கூறுவோம், மரணப்படுக்கையில் எதைச் செய்திருக்க விரும்புவோம் என்று எண்ணிப் பார்க்குமாறு இஞ்ஞாசியார் கற்பிக்கிறார். உள்ளம் இருண்டு சோர்ந்திருக்கும் வேளையில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதீர்கள் என்றும் எச்சரிக்கிறார்.

மேலே கூறிய குடியானவர் இரண்டு ஞாயிறுகள் நம் பூசைக்கு வரவில்லை. அதற்குள் தங்கை மகளின் முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் கோயிலில் வாசிக்கப்பட்டன. மூன்றாம் ஓலைக்கு முந்திய சனிக்கிழமை மாலை, தங்கையை உடன் அழைத்துக்கொண்டு வந்தார். தென்னந்தோப்பின் காய்ப்பை மூன்றாண்டுக் குத்தகைக்கு விட்டு, முன்பணம் பெற்று, 7 சவரனை மீட்டிருந்தார். எஞ்சியதைத் தவணையாய்த் தருவதாகத் தங்கையிடம் எழுதிக் கொடுத்தார். "கொடுத்தே ஆகணும்னு மனசு ஒப்புன அன்னைக்கித்தான் சாமி, குத்தகைங்கிற யோசனையே வந்தது" என்றார்.

அவருடைய இரு சீட்டுகளிலும் அவ்வழி எழுதப்பட்டிருக்கவில்லை. கொடுப்பதா என்று கேட்டவரை அவருக்கு வழி புலப்படவில்லை. எப்படிக் கொடுப்பது என்று கேட்டபோது புலப்பட்டது. இன்னும் 2 சவரன் பாக்கி இருக்கிறது. அதையும் தருவார் என்று நம்புகிறோம். தேர் அவ்வாண்டு பழைய வண்ணத்தோடே வலம் வந்தது.

கானா ஊர்த் திருமணத்தில் நம் அன்னை பணியாளருக்குக் கூறியதும் இதுவே. தம் மகன் சொல்வதையெல்லாம் செய்யப் பணித்தார். ஆண்டவர் இட்ட கட்டளையோ சாடிகளை நீரால் நிரப்புவது. ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் கொள்ளும். இரசம் வேண்டியிருக்க நீர் எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை, விளிம்புவரை நிரப்பினர். இரசம் எங்கிருந்து வந்தது என்பது பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. நீர் மொண்ட பணியாளருக்குத் தெரிந்திருந்தது என்று அருளப்பர் குறிப்பிடுகிறார்.

இம்மாதம் குடும்ப செபத்தின்போது ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்வோமாக: ஆண்டவர் எனக்கு ஏற்கெனவே சொல்லியும் நான் செய்யாதிருப்பது எது? திருப்பித் தராத கடனா, பேசாதிருக்கும் உடன்பிறப்பா, கவனியாத பெற்றோரா? அதைச் செய்யத் தொடங்குவோம். அதன்பின் அவரிடம் வழி கேட்போம். ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதித்து, சொன்னதைச் செய்யும் மனத்தையும் சொல்லாததைப் பொறுமையோடு கேட்கும் செவியையும் அருள்வாராக.